சாய்ந்த பெட்டியும் நேர்ப்பெட்டியும்

எங்களிடம் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் வந்து சேர்ந்தபோது, எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தவள் நான். மற்ற இருவரும் வேறு சொன்னார்கள். நான் கேட்கவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

நாங்கள் மூன்று பேர். நான் கிட்டார். சிதம்பரத்தில் என்னோடு இயற்பியல் படித்த தோழி பேஸ் கிட்டார். டிரம்ஸ் வாசிப்பவன் கடலூரிலிருந்து பஸ் ஏறி வருவான். அவன் அப்பா லாரிகளுக்கு பாடி கட்டுகிறவர். நாங்கள் வாசித்தது மெட்டல். தாழ்ந்த கம்பிகளை உள்ளங்கையால் பாதி அமுக்கிக்கொண்டு அடித்தால், ஒவ்வொரு அடியும் தனித்தனியாக வந்து நெஞ்சில் இடிக்க வேண்டும். கனமும் வேண்டும், அடிக்கு அடி தெளிவும் வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைப்பது எளிதல்ல.

என் அப்பாவும் அம்மாவும் குமராட்சிப் பக்கம் வயல் வேலைக்குப் போகிறவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். எம்.எஸ்ஸி. வரை போனேன். அந்தப் பெருமை எனக்கு நிறைய உண்டு. அடக்கமாக இருப்பதுபோல நடிக்க வரவில்லை.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சனிக்கிழமை பேண்டுகளுக்கான தேர்வு நடக்க இருந்தது. பெங்களூரிலிருந்து மூன்று பேர் வந்து கேட்பார்கள். ஒரு பேண்டைத் தேர்ந்தெடுத்து, ஓராண்டு ஊர் ஊராகக் கூட்டிப்போவார்கள். பாடல்களையும் பதிவு செய்து தருவார்கள். அடுத்த திங்கட்கிழமை திட்டக்குடியில் ஒரு தனியார் பள்ளியில் நான் இயற்பியல் ஆசிரியையாகச் சேர வேண்டும். தேர்வானால் சேர மாட்டேன். இல்லையென்றால் சேர்ந்தாக வேண்டும். வேறு வழி எதுவும் அந்த வருஷம் எனக்கு இல்லை. அம்மாவிடம், சனிக்கிழமை போகட்டும், அப்புறம் சொல்கிறேன் என்றேன்.

"வேலைக்கிப் போறேன்னு சொல்றதுக்குக்கூட நாள் பாப்பியா நீ?" என்றாள் அம்மா.

பெட்டிகளைக் கொடுத்தவர் புதுச்சேரிக்காரர். வாசிப்பதை விட்டுவிட்டார். ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை ஒரு மாதத்தில் திருப்பி அனுப்புங்கள் என்று வண்டியில் ஏற்றி விட்டார். இரண்டிலும் நான்கு நான்கு ஸ்பீக்கர்கள், ஒவ்வொன்றும் பன்னிரண்டு அங்குலம். ஒரு பெட்டியின் முகப்பு சுவர்போல நேராக இருந்தது. மற்றதில் மேல்பாதி பின்பக்கம் சாய்ந்து, மேலே இருந்த இரண்டு ஸ்பீக்கர்களும் சற்றே அண்ணாந்து பார்த்தன. மற்றபடி அண்ணன் தம்பி போல ஒரே சாயல்.

நாங்கள் பயிற்சி செய்த இடம் சிதம்பரத்தில் ஓர் உரக்கடையின் பழைய கிடங்கு. தெருவைவிடத் தாழ்வு. ஒரு மணி நேரம் நல்ல மழை பெய்தால் தெருத் தண்ணீர் கதவுக்கு அடியில் வந்துவிடும். அதனால் அங்கே எதுவும் தரையில் இருக்காது. டிரம்ஸ் செங்கல் அடுக்கிப் போட்ட பலகையின் மேல். ஒயர்கள் ஆணியில். புதிய பெட்டிகள் இரண்டும் மேசைகளின் மேல். கொள்ளிடக்கரைப் பக்கத்தில் வளர்ந்த எங்களுக்குக் கை தானாகவே அப்படித்தான் போகும். எதையும் உயரத்தில் வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

ஒரு மத்தியானம் முழுக்க ஒரே வாசிப்பைத் திரும்பத் திரும்ப வாசித்து, ஒயரை மாற்றி மாற்றிச் செருகிக் கேட்டேன். சாய்ந்த பெட்டி மந்தமாக இருந்தது. ஓசை தலைக்கு மேலே போய் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மோதிக் கலங்கித் திரும்பியது. நேர்ப்பெட்டியில் ஒவ்வொரு அடியும் கொத்திவைத்ததுபோல விழுந்தது. கனமும் அதில்தான் ஜாஸ்தி. நான் டேப் எடுத்து இரண்டையும் அளந்தேன். சாய்வு வெட்டியதில் உள்ளே இடம் குறைகிறது, இடம் குறைந்தால் கீழ் ஓசை கொஞ்சம் மெலியும் என்று சுவரில் சாக்பீஸால் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது," என்றாள் தோழி. அவள் வாசற்படியில், பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தாள். "நெட்ல எல்லாரும் சாஞ்சதுதான் மேடையில நமக்கு நல்லா கேக்கும்ன்றாங்கடி."

"நெட்ல சொல்றவன் வந்து என் காதுல கேட்டானா?"

"ஆமா மச்சான், சாஞ்சதே இருக்கட்டும்," என்றான் டிரம்ஸ்காரன். அவனுக்கு ஆண், பெண் எல்லாருமே மச்சான்தான். "பாக்கவே கெத்தா இருக்குது. இது என்னமோ எங்க பெரியம்மா வீட்டு பீரோ மாதிரி நிக்கிது."

"கெத்துக்கு வாசிக்கிறியா, சத்தத்துக்கு வாசிக்கிறியா?"

"சரிம்மா டீச்சர். நீ சொன்னா சரி."

சாய்ந்த பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டோம்.

மஞ்சக்குப்பத்தில் தேர்வு நடந்தது ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில். வரிசையில் நாங்கள் மூன்றாவது, எங்களுக்குப் பதினைந்து நிமிடம். மேடைக்குப் பெட்டியைத் தூக்கி வந்த டிரம்ஸ்காரன், "எங்க வெக்கட்டும்?" என்றான். எனக்குப் பின்னால் தரையில் கைகாட்டினேன். மேடை காய்ந்து, துடைத்து, சுத்தமாக இருந்தது. மேசையைப் பற்றி எங்கள் மூவருக்குமே நினைப்பு வரவில்லை. அது மழைக்காக வைத்தது என்றுதான் எங்கள் மனதில் இருந்தது.

முதல் அடியிலேயே என் கிட்டார் எனக்குக் கேட்கவில்லை. முனகல் மட்டும் முழங்காலுக்குக் கீழே எங்கேயோ ஓடியது. அடிகள் பிரியவில்லை, சேறு மாதிரி ஒன்றாய்க் கிடந்தன. மண்டபம் ஓசையைத் தின்கிறது என்று நினைத்தேன். ஓசையின் கூர்மையைக் கூட்டும் டிரெபிள் திருகைத் திருப்பினேன். இரண்டாவது பாட்டில் இன்னும் கூட்டினேன். கடைசியில் திருகு அதற்குமேல் திரும்பவில்லை. அப்போதுதான் என் காதுக்கு அடிகள் கொஞ்சம் தெளிவாகக் கேட்டன. முன்வரிசையில் இருந்த மூவரில் ஒருவர் காதில் விரலை வைத்தார். எங்கள் கனம் அவரை அடித்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம். அதை இப்போது எழுதக்கூடக் கூச்சமாக இருக்கிறது.

முடிந்ததும் மூவரும் ஏதோ பேசிக்கொண்டார்கள். அவர்களில் தமிழ் தெரிந்த பெண்மணி எங்களைக் கீழே அழைத்தார். தோழியும் நானும் போனோம்.

"டிரம்ஸ் ரொம்ப நல்லா இருக்கு. பேஸ் ஓகே," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "கிட்டார்தான்... சாரிம்மா, உக்காந்து கேக்க முடியல," என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

அவர் திரும்பி நடக்கும்போது, மேடையில் என் கிட்டாரைக் கழற்றி வைக்கப்போன டிரம்ஸ்காரன் விளையாட்டாக ஒரு அடி அடித்தான். நான் அப்போது பெட்டிக்கு நேர் எதிரே, முன்வரிசை நாற்காலிகளுக்கு அருகில் நின்றிருந்தேன். தகரத்தைச் சிமெண்டுத் தரையில் இழுத்த மாதிரி ஒரு ஓசை. பல் கூசியது.

"இன்னொரு வாட்டி அடி," என்றேன். அடித்தான். மேடை ஏறிப் பெட்டிக்கு அருகில் நின்று அடிக்கச் சொன்னேன், பழைய சேறு. கீழே இறங்கினேன்; தகரம்.

"என்னா மச்சான், படி ஏறி எறங்கி வெளாடுற? அடுத்த பேண்டு நிக்கிது பாரு."

பெட்டிக்கு முன்னால் மண்டி போட்டுக் காதை ஸ்பீக்கர் மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். அதே தகரம். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஓசையின் கூர்மை ஸ்பீக்கர் பார்க்கிற திசையில்தான் போகும். கிடங்கில் நேர்ப்பெட்டி மேசைமேல் இருந்து என் காதைப் பார்த்தது. சாய்ந்தது என் தலைக்கு மேலே கூரையைப் பார்த்தது. நான் ஒப்பிட்டது பெட்டிகளை அல்ல, அவை பார்த்த திசைகளை. தரையில் இரண்டையும் வைத்திருந்தால், சாய்ந்தது அண்ணாந்து என் காதைப் பார்த்திருக்கும். நேரானது என் கெண்டைக்காலைத்தான் பார்த்திருக்கும். முதலாண்டு மாணவிக்குத் தெரிந்த விஷயம். உள்ளே இருக்கும் இடத்தைக் கணக்குப் போட்டவள், தரையைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஓடிப்போய் அந்தப் பெண்மணியிடம் ஐந்து நிமிடம் கேட்டேன். பெட்டியின் கோளாறு, திருகைக் குறைத்து ஒரே ஒரு பாட்டு வாசிக்கிறோம் என்றேன். அவர் மேடையைக் காட்டினார். அடுத்த பேண்டு ஒயர் செருகிக்கொண்டிருந்தது. "எல்லாருக்கும் ஒரு தடவைதாம்மா," என்றார். பிறகு, "உங்க டிரம்மர் நம்பர் கெடைக்குமா? எங்க வேற ஒரு பேண்டுக்கு ஆள் தேடறோம்," என்றார்.

நான்தான் நம்பரைச் சொன்னேன். எனக்கு மனப்பாடம்.

சிதம்பரத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் தோழி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். டிரம்ஸ்காரன் உள்ளூர், பஸ் நிலையத்தோடு நின்றுவிட்டான். அதற்குள் அவனுக்குப் போன் வந்துவிட்டது. "போவட்டுமா மச்சான்? நீ வேணான்னா போவல," என்றான். போ என்றேன். வேறு என்ன சொல்வது?

"அவுங்க மொதல்லயே யாரையோ முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருப்பாங்க," என்றாள் தோழி. "உன் வாசிப்புல ஒரு கொறையும் இல்லடி. அவனுங்க காதுலதான் கோளாறு."

சொல்லியிருக்கலாம். நீங்கள் இருவரும் சொன்னது சரி, நான்தான் தப்பு செய்தேன் என்று ஒரு வரி. சாய்ந்த பெட்டியோடு போயிருந்தால் எடுத்திருப்பார்களா என்பதும் தெரியாது. இனித் தெரியவும் வழியில்லை.

"ஆமாம்," என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். திங்கட்கிழமை காலையில் திட்டக்குடிக்குப் போய்ப் பள்ளியில் கையெழுத்துப் போட்டேன்.