அனத்தா என்றொருத்தி

என் கணவர் மீன்பிடி வள்ளங்களின் என்ஜின் திருத்துகிறவர். கல்முனைக்குடிக் கடற்கரையோரம் அவருடைய கராஜ் இருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் கரைக்கு ஜப்பான் என்ஜின்கள் நிறைய வந்து சேர்ந்தன. அவற்றை விற்ற கம்பனி அவரை எட்டு மாதப் பயிற்சிக்காக அந்த நாட்டுக்கே அனுப்பியது. அப்போது அவருக்கு நாற்பத்தொரு வயது. நான் பெண்கள் பாடசாலையில் ஆசிரியை. எங்களுக்கு இரண்டு மகள்கள்.

திரும்பி வரும்போது எங்கள் மூவருக்கும் துணி கொண்டுவந்தார். தனக்கென்று ஒரு ரேடியோ கேசட் பிளேயரும், அதில் செருகுகிற மைக்கும், ஒரேயொரு கேசட்டும் கொண்டுவந்தார்.

அவர் கராஜுக்குப் போன பிறகு அந்தக் கேசட்டைப் போட்டுப் பார்த்தேன். வயலின் இழுத்தது, ட்ரம் மெல்லத் தட்டியது, இதோ யாரோ பாடப்போகிறார்கள் என்ற இடம் வந்தது. ஒருவரும் பாடவில்லை. இசை மட்டும் கடைசிவரை போய் நின்றது. மறுபக்கமும் அப்படியே. யாரோ குரலை மட்டும் அழித்திருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். இசையை விட்டுவிட்டுக் குரலை அழிக்கிறவருக்கு மறைக்க ஏதோ இருக்க வேண்டும்.

“இதுல பாட்டுக்காரன் எங்க?” என்று பகல் சாப்பாட்டின்போது கேட்டேன்.

“அதுல பாட்டுக்காரன் இல்ல புள்ள. நாமதான் பாடோணும்.”

“பாட்டுக்காரன் இல்லாமப் பாட்டு விக்கிறாங்களா?”

“ஓம். அங்க அப்பிடித்தான்.”

என் வகுப்பில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகூட இதைவிடத் திறமாகப் பொய் சொல்லும் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் கேசட் பெட்டிக்குள் நான்காக மடித்த தாள் ஒன்று அகப்பட்டது. நுணுக்கமான அழகான கையெழுத்தில் ஜப்பான் எழுத்து வரிவரியாக இருந்தது. ஒவ்வொரு வரிக்குக் கீழும் என் கணவரின் கோணல் எழுத்தில் தமிழ். எழுத்தெல்லாம் தெரிந்தது, பொருள் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. அனத்தா. ஒன்பது இடத்தில் இருந்தது.

“இத எழுதித் தந்தது ஆரு?”

“மாமா.”

“எந்த மாமா?”

“அங்க எல்லாரும் மாமா எண்டுதான் கூப்பிடுற.” சொல்லிவிட்டுச் சட்டென்று எழுந்து கை கழுவப் போனார்.

நரைத்த தலையோடு ஒரு கிழவரை மனதில் வைத்துக்கொண்டேன். அந்த மாமாவோடு எனக்குச் சண்டை இல்லை. அனத்தாதான் என்னை வதைத்தாள். பாடசாலையில் என்னோடு படிப்பிக்கும் ஆசிரியையிடம், யாருடைய சங்கதி என்று சொல்லாமல், அந்தச் சொல்லை எழுதிக் காட்டினேன். அவள் இரண்டு தரம் வாசித்துப் பார்த்தாள். “பேரு மாதிரித்தான் கிடக்கு டீச்சர். பொம்புளப் பேரு” என்றாள்.

அதன் பிறகு அவர் ஷேவ் எடுக்கும்போது முணுமுணுப்பதைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பேன். அனத்தா என்று வருகிற இடத்தில் குரல் இறங்கும். நான் உள்ளே போனால் பாட்டு நின்றுவிடும். தபால்காரர் வரும் நேரம் கேட்டில் போய் நிற்கத் தொடங்கினேன். ஜப்பானிலிருந்து ஒரேயொரு கடிதம் வந்தது. கம்பனி அனுப்பிய, என்ஜின் ஒயில் பற்றிய கடிதம். அதையும் இரண்டு தரம் வாசித்தேன்.

நாங்கள் இருந்தது என் சீதன வீடு. கட்டித் தந்தவர் என் மூத்த சகோதரர், காக்கா. பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் நம்பிக்கையாளர். பின்னேர அஸர் தொழுகையை முடித்துவிட்டு ஒவ்வொரு நாளும் எங்கள் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிப்பார்.

“மச்சான் வந்ததுல இரிந்து ஒரு மாதிரி இரிக்கார். அங்க ஆரோட கூட்டு?” என்று ஒருநாள் கேட்டார்.

“அலுப்பாக்கும் காக்கா” என்றேன். காக்கா சந்தேகப்பட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். நான் முதலில் தனியாக அறிய விரும்பினேன்.

மாரி மழை தொடங்குமுன் என் கணவருக்குப் பயிற்சி கொடுத்த ஜப்பான்காரர் என்ஜின்களைப் பார்க்க வந்தார். ஐம்பது கடந்த, மெலிந்த மனிதர். ஒலுவில் கரையில் வள்ளங்களைப் பார்த்துவிட்டுப் பகல் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கணவாய்க் கறியை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும் என் கணவர் லுஹர் தொழுகைக்காக முகம் கைகால் கழுவி உளூ எடுக்கக் கிணற்றடிக்குப் போனார். மகள்மார் இருவரும் என் பக்கத்தில் நின்றார்கள். இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன்.

“அனத்தா என்பது யார்?”

அவர் முழித்தார். நான் மீண்டும் அந்தச் சொல்லைச் சொன்னேன். அவர் உள்ளங்கையை விரித்து என் பக்கம் நீட்டினார்.

“நீங்கள்.”

“நானா?”

அவர் மூத்த மகளைக் காட்டினார். “இவளும் அனத்தா.” பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டு சிரித்தார். “என் மனைவி என்னை அழைப்பதும் அனத்தா. எதிரில் இருப்பவரை நீங்கள் என்று சொல்வதைப் போல.”

உடனே போய்த் தாளைக் கொண்டுவந்து கொடுத்தேன். முதல் வரியை வாசித்ததும் அவர் முகம் மாறிவிட்டது. கேசட் இருக்கிறதா என்று கேட்டார். இளைய மகள் போட்டாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு பாடினார். நான் குரல் அழிந்த இடம் என்று நினைத்த இடமெல்லாம் குரல் வந்து உட்கார்ந்தது. இரண்டாவது அடியில் கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டாரின் தலைகள் தெரிந்தன.

தனக்கு இருபது வயதில், ஊரை விட்டு நகரத்துப் பட்டறைக்கு வேலைக்குப் போன காலத்தில் வானொலியில் கேட்ட பாட்டு என்றார். இப்போது தன் வயதுக்காரர்கள் எல்லாரும் வேலை முடிந்து கூடியிருந்து இப்படித்தான் பாடுவார்களாம். இசைக்குக் கேசட், சொல்லுக்குத் தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த நேரம் அவர் கள்ளமில்லாமல் சொன்னார்: “உங்கள் கணவரும் நன்றாகப் பாடுவார். வெள்ளிக்கிழமை தவறாமல் மாமாவின் பாருக்கு வருவார். பழச்சாறு மட்டும்தான் குடிப்பார்.”

“மாமாவின் பாரா?”

“ஆமாம். அதை நடத்தும் அம்மாளைத்தான் எல்லாரும் மாமா என்போம். அறுபது வயதிருக்கும்.”

வாசற்படியில் என் கணவர் நின்றார். முகத்திலிருந்து உளூத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

விருந்தாளியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்ததும் நான் கேட்க முன்னரே கதைக்கத் தொடங்கினார்.

“கள்ளுக் குடிக்கிற இடத்துக்குப் போனேன் எண்டு காக்காட காதுல விழுந்தா என்ன நடக்கும் புள்ள? அதான் செல்லல்ல.”

“எனக்கும் செல்ல ஏலாதா?”

“பயம்” என்றார். “நாள் முழுக்க என்னோட கதைக்க ஆக்கள் இல்ல. பாசை தெரியாது. வெள்ளிக்கிழமையில அவங்க மைக்கத் தருவாங்க. நான் பிழையாப் பாடினாலும் கை தட்டுவாங்க. அந்த ஒரு நாளைக்குத்தான் நானும் மனிசன்.”

நான் நம்பினேன். முழுவதும் அல்ல, ஆனால் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிற அளவுக்கு நம்பினேன்.

அஸருக்குப் பிறகு காக்கா வந்தார். வேலிக்கதை அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது.

“ஜப்பான்காரன் பாடினானாம். மச்சானும் அங்க பாடித் திரிஞ்சாராமே. எங்க வெச்சி?”

“சாப்பாட்டுக் கடையில காக்கா” என்றேன்.

“சாப்பாட்டுக் கடையில என்னத்துக்குப் பாட்டு?”

“வயசானவங்க பழைய பாட்டு படிக்கிறாங்களாம். அந்த நாட்டுப் பழக்கம்.”

காக்கா தேத்தண்ணியை முடிக்காமலே எழுந்து போனார். அதை அவர் நம்பியதாக இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

பிறகு என் கணவர் வீட்டில் பாடத்தான் செய்தார், காக்காவின் சைக்கிள் கேட்டடியில் இல்லை என்று நான் பார்த்துச் சொன்ன பிறகு. அவருக்குச் சுருதி சேராது. மகள்மார் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஒருநாள் பாடி முடித்துச் சந்தோசமாக இருந்த வேளையில், மாமாவுக்கு எத்தனை வயது என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

“ஒரு நாப்பத்தஞ்சி இரிக்கும்” என்றார்.

விருந்தாளி சொன்னது அறுபது. மூன்றாவதாக ஒருவரிடம் கேட்க எனக்கு வழியிருக்கவில்லை.