எதிர்வீட்டுக் கையெழுத்து

ஜாஹிதா பேகம் செஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்துக்கொண்டிருந்தவள். வேன் ஓட்டிய புருஷன் பக்ருதீன் முதுகெலும்பில் அடிபட்டுப் படுக்கையில் விழுந்தார். ஒரு வாய் தண்ணீருக்கும் பக்கத்தில் ஆள் வேண்டும். வேலையை விட்டாள்.

வேலூரில் கட்டிக்கொடுத்த மகள் ஆலியாதான் வழி சொன்னாள். சும்மா கிடந்த மாடி அறையைப் படம் எடுத்து வாடகை அறை தேடுகிறவர்கள் பார்க்கும் ஒரு ஆப்பில் போட்டாள். கோட்டை பார்க்க வருகிறவர்கள் வந்து தங்க ஆரம்பித்தார்கள். ராஜகிரி மலை ஏறி இறங்கிக் கால் கடுக்க வருகிறவர்களுக்கு ஜாஹிதா இடியாப்பமும் பாயாவும் வைப்பாள். வாசலைத் தாண்டாமலே பிழைப்பு ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தங்க வந்தவர்களின் கார் அந்தக் குறுகலான சந்து முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. கார்க்காரர்கள் மலைமேல். எதிர்வீட்டு சாமுண்டீஸ்வரியின் மருமகளுக்கு இடுப்புவலி கண்டுவிட்டது. ஆட்டோ உள்ளே வர முடியவில்லை. நிறைமாசக்காரியை மெயின்ரோடு வரைக்கும் நடத்தித்தான் கூட்டிப்போனார்கள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் மறுவாரமே பேரூராட்சியிலிருந்து ஆள் வந்துவிட்டார்.

"ரூம் வாடகைக்கு விட்டா லாட்ஜ் கணக்குதாம்மா. லைசென்ஸ் எடுங்க, இல்லன்னா நிறுத்துங்க."

"லாட்ஜுக்கு இன்னா வேணும் சார்?"

"தனி மாடிப்படி, வண்டி நிறுத்த இடம், ஃபயர் வண்டி வர்ற அளவுக்கு ரோடு."

எதுவுமே அவளிடம் இல்லை. மன்றக் கூட்டத்தில் போய்ச் சொல்லிப் பார்க்கலாம் என்றால், பக்ருதீனை யார் பார்த்துக்கொள்வது? எதிர்வீட்டுக் கதவைத்தான் தட்டினாள்.

"புகார் குடுத்ததே நான்தான் பாயம்மா" என்றாள் சாமுண்டீஸ்வரி.

"தெரியும்க்கா. கொஞ்ச நேரம் அவரைப் பாத்துக்கோங்க."

சாமுண்டீஸ்வரி வந்து பக்ருதீன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கூட்டத்தில் ஜாஹிதா எழுந்து நின்றாள். "கார் பஸ் ஸ்டாண்டு பக்கம் நிக்கட்டும், நடந்து வரட்டும். வர்றவங்க பேரை போலீஸ் ஸ்டேஷன்ல குடுத்துடறேன். நாங்க குடியிருக்கிற வீட்ல ஒரு ரூம், அது லாட்ஜா?" கவுன்சிலர்கள் காரசாரமாகப் பேசி, கடைசியில் ஒரு தீர்மானம் போட்டார்கள். ஒற்றை அறை விடுகிற வீடுகளுக்குத் தனி அனுமதி. ஆனால் எதிர்வீட்டுக்காரர் ஆட்சேபம் இல்லை என்று வருஷா வருஷம் கையெழுத்துப் போட வேண்டும்.

சாமுண்டீஸ்வரி போட்டாள். "கும்பலா பசங்க வேணாம், பாட்டு வேணாம். கைக்கொழந்த இருக்குது."

அதில் குறை சொல்ல ஜாஹிதாவுக்கு ஒன்றும் அகப்படவில்லை. அதுதான் அவளைக் கட்டிப்போட்டது. மாடியில் யாராவது உரக்கச் சிரித்தால் படியேறி ஓடுவாள். எதிர்வீட்டில் பிள்ளை அழுதால், தன் வீட்டுச் சத்தத்தால்தானோ என்று ஜன்னலில் எட்டிப் பார்ப்பாள். சாமுண்டீஸ்வரி எதைக் கேட்டாலும் மறுக்க முடியவில்லை.

பொங்கல் லீவுக்கு சென்னையிலிருந்து ஐந்து காலேஜ் பையன்கள் அறை கேட்டார்கள். பல வாரமாக யாரும் வந்திருக்கவில்லை.

"வரச் சொல்லு" என்றார் பக்ருதீன்.

ஜாஹிதா எதிர் ஜன்னலைப் பார்த்தாள். போனில் 'அறை இல்லை' என்று தட்டினாள்.

"ஏன் இப்படிப் பண்ணே?"

"அடுத்த வருஷமும் அவங்கதாங்க கையெழுத்துப் போடணும்."

பொங்கல் முழுக்க மாடி பூட்டியே கிடந்தது.