களிமண்ணில் கிடைத்த அரசர்

நாலாயிரம் வருடத்துக்கு முன்னால் எவனோ ஈரக் களிமண்ணில் குத்திவைத்ததைப் படித்துச் சொல்வதுதான் எங்கள் தொழில். டாக்டர் எழுதிய சீட்டைப் பிடித்துக்கொண்டு விழிக்கும் மருந்துக்கடைக்காரர்களே, பரீட்சைத் தாள் திருத்தும் ஆசிரியர்களே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். உங்களுக்காவது எழுதிய ஆள் உயிரோடு இருக்கிறார்.

அறுபதுகளின் கடைசியில், பாளையங்கோட்டையிலிருந்து ஜெர்மனியின் மியூனிக்குக்கு, இன்றைய ஈராக்கில் வாழ்ந்த சுமேரியர்களின் எழுத்தைப் படிக்கப் போனேன்.

திருப்பிப் போட்டது

முதல் வாரம், உள்ளங்கை அளவு களிமண் பலகை ஒன்றைக் கொடுத்து, அதிலுள்ளதை அப்படியே தாளில் மையால் வரையச் சொன்னார்கள். முன்பக்கம் முடிந்ததும் புத்தகத் தாளைப் புரட்டுவதுபோல் பக்கவாட்டில் திருப்பினேன். சுமேரியர்கள் மேலிருந்து கீழாகத் திருப்புவார்கள். அதை வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அன்று எனக்குச் சளி. காலை முழுக்கப் பின்பக்கத்தைத் தலைகீழாக வரைந்தேன். ஒரு குறிகூட அகராதியில் இல்லை. புது மொழியே கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்படவும் செய்தேன். பக்கத்து மேசை ஹோர்ஸ்ட், எனக்கு இரண்டு வருடம் சீனியர், எட்டிப் பார்த்தார்.

"அழகாக வரைந்திருக்கிறீர்கள், ஸ்டெல்லா. எழுதினவர் தலைகீழாக நின்றிருந்தால் எல்லாம் சரி."

நகரமும் பீரும்

ஒரு கோடையில், உலகத்தின் முதல் நகரங்களைப் பற்றி எங்கள் துறை கண்காட்சி வைத்தது. மதில், கோயில், களஞ்சியம் எல்லாம் மரத்தில் செய்துவைத்த நகரத்துக்குப் பக்கத்தில் என்னைப் புடவை கட்டி நிற்கச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் வேலையாட்களுக்குப் பீர் அளந்து கொடுத்தார்கள், அதற்குத் தனிக் குறியே உண்டு என்று சொன்னேன். பீர் ஆலையில் வேலை பார்க்கும் ஒருவர் மனைவியோடு முன்னால் வந்தார். கெட்டியாக இருக்குமா, கசக்குமா என்று கேட்டார். அரைமணி நேரம் விளக்கினேன். உங்களுக்குப் பிடித்த பீர் எது என்றார். குடித்ததே இல்லை என்றேன். அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

"பீர் குடிக்காத ஆளிடம் ஒரு முழு நகரத்தையே ஒப்படைத்திருக்கிறார்கள்."

புது அரசர்

மூன்றாம் வருடம், யாருக்குமே தெரியாத ஓர் அரசரை ஒரு பலகையில் கண்டுபிடித்தேன். 'மனிதன்' குறியோடு 'பெரிய' என்ற குறியைச் சேர்த்தால் 'அரசன்'. பக்கத்தில் பெயரும் இருந்தது. எட்டு மாதம் உட்கார்ந்து என் ஆய்வேட்டில் அவரைப் பற்றி ஓர் அத்தியாயம் எழுதினேன்.

பேராசிரியர் பலகையை ஜன்னலோரம் கொண்டுபோய், வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். மெல்லிய தூரிகையால் இரண்டு தடவை தடவினார். என் 'பெரிய' பாதி மண்ணாக உதிர்ந்தது. மீதி வெறும் கீறல். மிஞ்சியது 'மனிதன்'. அடுத்த வரியையும் அவரே படித்தார்: உடம்பு சரியில்லை, கால்வாய் வேலைக்கு வரவில்லை. உதவித்தொகை முடிய நாலே மாதம் இருந்தது. அவர் பலகையை என் கையில் வைத்தார்.

"இப்படிப்பட்டவர்களைப் பிடிக்கத்தான் எழுத்தையே கண்டுபிடித்தார்கள். நீங்கள் அவனுக்கு முடிசூட்டிவிட்டீர்கள்."

சான்றிதழ்

அழுது முடித்து, வேலைக்கு வராதவர்களைப் பற்றியே ஆய்வை மாற்றி எழுதலாம் என்று முடிவு செய்தேன். அதற்கு இன்னும் ஒரு வருடம் வேண்டும். உதவித்தொகை அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தேன். காரணம் எழுத ஒரே ஒரு வரிதான் இடம். 'அரசர் இல்லாமல் போய்விட்டார்' என்று எழுதினேன். என் ஜெர்மனில் அது காலமானார் என்று ஆகியிருக்க வேண்டும். அங்கிருந்த அம்மாள் எழுந்து, கைகுலுக்கி, வருத்தம் தெரிவித்தார். பிறகு உட்கார்ந்து இறப்புச் சான்றிதழ் கேட்டார்.

நான் எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. பேராசிரியரிடமே திரும்பிப் போனேன். 'மேற்படி அரசர் ஒருபோதும் வாழ்ந்ததில்லை எனச் சான்றளிக்கிறேன்' என்று எழுதி, முத்திரை குத்தித் தந்தார். அந்த அம்மாள் அதை இரண்டு முறை படித்து, துளை போட்டுக் கோப்பில் சேர்த்தார்.

"இது போதும். வாழ்ந்தவராக இருந்திருந்தால் இன்னும் இரண்டு தாள் கேட்டிருப்பேன்."

இத்தனைக்கும் பிறகு எனக்குப் பட்டமும் கொடுத்து அங்கேயே வேலையும் போட்டுத் தந்தார்கள் என்றால், அன்றைய ஜெர்மனியில் ஆள் பஞ்சம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.