முன்வரிசையில் நின்ற தெர்தாஸ்

தெர்தாஸ் மாசிதோனிய மலைநாட்டில் ஆடு மேய்த்தவன். பாரசீகத்தை வெல்லப் புறப்பட்ட ராஜாவோடு ஈட்டிக்காரனாகக் கிளம்பி, பாரசீகத்தின் கிழக்குக் கோடியிலிருந்த பாக்திரியா வந்து சேர்ந்தபோது நூறு பேருக்குத் தலைவனாகியிருந்தான். சக்கரத்தில் அரிவாள் கட்டிய தேர்கள் பாய்ந்து வந்தபோதுகூடப் பதறாதவன். ஆனால் ராஜாவின் கூடாரத்திலிருந்து ஆள் வந்தால் மட்டும் பயப்படுவான். கொஞ்ச காலமாக அங்கே போன சிலர் திரும்பி வரவில்லை.

அவன் மனைவியின் தம்பி ஆதிமோசும் அதே படையில் இருந்தான். வாய் சும்மா இருக்காது. ஒரு மாலை குதிரைக்கறி வாட்டித் தின்றுகொண்டிருந்தபோது ஆரம்பித்தான்.

"பாத்தீங்களா அத்தான்? நம்ம ராஜா பாரசீக அங்கியில மணப்பொண்ணு கணக்கா நடந்து வர்றாரு. யாராச்சும் பொண்ணு கேட்டு வந்துரப் போறாங்க!"

தெர்தாசுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்து முடித்தபின்தான், பக்கத்து அடுப்படியில் பேச்சு நின்றுபோயிருப்பதைக் கவனித்தான்.

விடிந்ததும் ஆதிமோசைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ராஜத்துரோகியின் உறவுக்காரர்களையும் கொல்வது அவர்கள் வழக்கம்.  தளபதி ஏரொப்போஸ் தெர்தாசைக் கூப்பிட்டனுப்பினார்.

"உன் மச்சான் பேசினப்ப நீ பக்கத்துல இருந்தியாமே?"

"குடிச்சிட்டுத் தூங்கிட்டேங்க. ஒண்ணும் காதுல விழல."

"அவனும் அதையேதான் சொல்றான். அடிச்சே கேட்டாச்சு." தளபதி அவன் முகத்தையே பார்த்தார். "சரி. மத்தியானம் முன்வரிசையில வந்து நில்லு."

துரோகியைப் படையே கல்லால் அடித்துக் கொல்லும். யார் கை தயங்குகிறது என்று பார்க்கவும் ஆட்கள் நிற்பார்கள்.

ஆதிமோசைக் கம்பத்தில் கட்டியிருந்தார்கள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. தெர்தாசின் கையிலிருந்த கல் வியர்வையில் வழுக்கியது. மற்ற கண்ணால் அவனைத் தேடிப் பிடித்த ஆதிமோஸ் உதட்டை அசைத்தான். 'எறிங்க அத்தான்' என்றது போலிருந்தது.

தெர்தாஸ் எறிந்தான். தோளில் பட்டது. அதற்குமேல் தெர்தாஸ் தலை நிமிர்ந்து பார்க்கவேயில்லை.

சீக்கிரமே அவனுக்குப் பெரிய பதவி கிடைத்தது. அதன்பிறகு யாராவது நகைச்சுவையாகப் பேச வாயெடுத்தால் எழுந்து போய்விடுவான். தன் கையால் ஊற்றாத மதுவைத் தொடமாட்டான். கடைசியில் ஆற்றோரக் கோட்டையொன்றைக் காக்க அவனை விட்டுவிட்டுப் படை நகர்ந்தது.

சில வருஷம் கழித்து ராஜா இறந்த செய்தி வந்தது. கோட்டை வீரர்கள் மூட்டை கட்டினார்கள்.

"வாங்கய்யா, ஊருக்குப் போவோம்! உங்க வீட்டம்மா இன்னும் காத்துக்கிட்டிருப்பாங்க," என்றான் ஒருவன்.

"அதான்டா பயமா இருக்கு," என்றான் தெர்தாஸ். "'எந்தம்பி எங்க'ன்னு கேப்பாளே."

அவர்கள் போய்விட்டார்கள். அவன் அங்கேயே கிழவனானான். செத்துப்போன ராஜாவைப் பற்றி யார் என்ன கேட்டாலும், முதலில் சுற்றுமுற்றும் பார்ப்பான். பிறகு, "நல்ல மனுஷர்" என்பான்.