துணியில்லாமல் ஓடிய மிஷின்

தையல்காரனிடம் யாரும் வயிற்றை மறைக்க முடியாது. டேப்பைச் சுற்றியதும் தொப்பை, பட்டினி, புதுப்பணம் எல்லாம் வெளியே வந்துவிடும். அப்படி ஊர் வயிற்றையெல்லாம் அளந்தவன், தன் வயிற்றை மறைத்துக்கொண்டு பிழைத்த கதை இது. வயிற்றுக் கோளாறால் அவதிப்படும் அன்பர்களே, உங்களுக்காகத்தான் சொல்கிறேன். மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு படிக்கலாம்.

யுத்த காலம். திண்டிவனம் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் எனக்கு ஒரு மிஷின், கபூர் பாய்க்கு ஒரு மிஷின். ஒருநாள் என் குடல் முறுக்கிக்கொண்டது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் அழுகிய துண்டை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சக் குடலின் வாயை வயிற்றின் இடது பக்கம் வெளியே வைத்துத் தைத்துவிட்டார்கள். இனி மலம் அந்த வழியாகத்தான். "உடம்பு தேறட்டும், அப்புறம் உள்ளே சேர்க்க முடியுமா பார்ப்போம்" என்றார் டாக்டர்.

பெல்ட்டு

ஆஸ்பத்திரியில் பஞ்சு வைத்துக் கட்டியது வீடு வந்து சேர்வதற்குள் நழுவிவிட்டது. தையல்காரன் சும்மா இருப்பானா? காடாத்துணியில் அகலமாக ஒரு பெல்ட்டு தைத்து, இடது பக்கம் பை வைத்து, அதற்குள் பழைய வேட்டித்துணியை மடித்து வைத்தேன். துணிக்கே ரேஷன் இருந்த காலம், கடையில் வெட்டிப்போட்ட துண்டுகளையும் பொறுக்கிக்கொண்டு போவேன். என் மனைவி செங்கேணி எல்லாவற்றையும் கொதிக்கவைத்துத் துவைத்துப் போடுவாள். முதல் நாள் வெட்கப்பட்டு நானே துவைக்க உட்கார்ந்தேன். கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "மூணு புள்ளைங்க துணி தோச்சவ நானு. இதுக்குப் போயி இன்னாத்துக்கு வெக்கப்பட்டுக்கினு கெடக்குற?"

மணியக்காரர் சட்டை

நாற்றத்தையாவது கட்டி வைக்கலாம். சத்தத்தை என்ன செய்வது? காற்று அது பாட்டுக்கு வரும், என்னைக் கேட்காது. வயிறு குமுறினால் உடனே மிஷினை மிதிப்பேன், துணி இருக்கிறதோ இல்லையோ. அந்தக் கடகடப்பில் எல்லாம் அமுங்கிவிடும். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒலக்கூர்ப் பக்கத்து மணியக்காரர் ஒருவருக்கும் எனக்கும் ஒரே உடல்வாகு. அவர் சட்டையை நான் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மடிப்பேன். அந்தத் தடவை போட்டால் இடது பக்கம் பிடித்தது. பெல்ட்டு கட்டியிருப்பதை மறந்து, பிரித்து விட்டுத் தைத்தேன். மணியக்காரர் போட்டதும் இடது பக்கம் மட்டும் தொளதொளவென்று தொங்கியது. பதறிப்போய் அவர் இடுப்பில் டேப்பைச் சுற்றினேன். அந்த நேரம் பார்த்து என் வயிறு ஆரம்பித்தது. மிஷினோ எட்டவில்லை. நல்லவேளை, கபூர் பாய் தன் மிஷினை வேகமாக மிதித்துக்கொண்டிருந்தார். பலமுறை எனக்கு அப்படி அதிர்ஷ்டம் அமைந்தது. மணியக்காரர் தொங்கலை இழுத்துப் பார்த்தார். "பிரிக்காதீங்க மேஸ்திரி, வெத்தலப் பைய சொருவ தோதா இருக்குது. அடுத்ததும் இப்பிடியே தெச்சிடுங்க."

கருவாட்டுக் கூடை

விழுப்புரத்தில் மைத்துனி கல்யாணம். ரயிலில் ஏறியதும் எங்கே உட்கார்ந்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள் என்று தேடினேன். ஒரு மூலையில் கருவாட்டுக் கூடையோடு ஒரு அம்மா. சுற்றிலும் காலியிடம். நிம்மதியாகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இறங்கும்போது அந்த அம்மா கைகூப்பினாள். "எல்லாம் என்னப் பாத்து மூக்கப் பொத்திக்கினு போச்சிங்க. நீதான் மனுசனா பக்கத்துல வந்து குந்துன. நல்லா இருப்ப, சாமி."

ஸ்டேஷனில்

அந்தக் கல்யாணத்தில் நான் பந்தியில் உட்காரவில்லை. கொல்லைப்பக்கம் தனியாக இலை போட்டுச் சாப்பிட்டேன். சோறு இறங்கவில்லை. குடலை உள்ளே சேர்த்துவிட வேண்டும் என்று அன்றுதான் முடிவு செய்தேன். "மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டும். உள்ளே தையல் பிரிந்தால் உயிருக்கே ஆபத்து" என்றார் டாக்டர். தையல் பிரிவதைப் பற்றி எனக்கா சொல்ல வேண்டும்? பயந்துதான் போனேன். செங்கேணிக்கு இதில் சம்மதமில்லை. இருக்கிறபடியே இருந்துவிட்டுப் போகலாமே என்று மன்றாடிப் பார்த்தாள். ஆனாலும் ஸ்டேஷன்வரை கூடவே வந்தாள். பட்டணத்து வண்டி வந்து நின்றதும் சொன்னாள். "முழுசா வந்தா சந்தோசம். இப்பிடியே திரும்பி வந்தாலும் பரவால்ல. ஆனா வந்துடு."

வார்டில்

வயிற்றைத் தைத்து முடித்தாயிற்று. உள்ளே ஒட்டியதா என்பது காற்று பிரிந்தால்தான் தெரியுமாம். டாக்டர் வந்து கேட்பார், நர்ஸம்மா கேட்பார், கூட்டுகிற ஆயாகூடக் கேட்பார். ஊரில் ஒளித்து ஒளித்து வைத்த ஒன்றுக்காக அங்கே ஒரு வார்டே காத்திருந்தது. ஒரு காலையில் அது பழைய வழியில் பிரிந்தது. நான் அழுதுவிட்டேன். பக்கத்துக் கட்டிலில் மல்லாந்து கிடந்த பனமலை ஊர்க்காரர், வலியோடு தலையைத் தூக்கினார். "எனக்குக் கேட்டுச்சுபா. டாக்டர் நம்பலன்னா நான் சாட்சி சொல்றேன்."

மறுபடி கடையில்

சேர்த்த குடல் லேசில் பழகவில்லை. மாதக்கணக்கில் கஞ்சியும், கொல்லைக்கு ஓட்டமுமாகப் போயிற்று. மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, கண்ணால் பார்த்ததோடு சரி. மெலிந்துபோய்த்தான் கடைக்கு வந்தேன். அதே மணியக்காரரை அளந்துகொண்டிருந்தபோது வயிறு குமுறியது. உடனே கபூர் பாயின் மிஷின் கடகடவென்று ஓடியது. அன்றுதான் திரும்பிப் பார்த்தேன். ஊசி ஏறி இறங்குகிறது, அடியில் துணியே இல்லை.

மணியக்காரர் போகும்வரை பொறுத்திருந்து, "பாய், இப்போ என்னால அடக்க முடியுது" என்றேன். அவர் மிதியிலிருந்து காலை எடுத்து, முழங்காலைத் தடவிக்கொண்டார். "முன்னாடியே சொல்லக் கூடாதா? உன் வவுத்துக்கு மிதிச்சு மிதிச்சு என் முட்டி பேஜாராப் பூடுச்சுபா."

பக்கத்து மிஷின்காரருக்கு நன்றாகத் தெரிந்த ரகசியத்தைத்தான் நான் அத்தனை காலம் காடாத்துணி பெல்ட்டு கட்டிக் காப்பாற்றியிருக்கிறேன்.