கொம்பு பெயிண்டில் ஒரு அம்பாசடர்

மண்ணெண்ணெய் கலந்த எனாமல் பெயிண்டைத் தொட்டால் விரல் உடனே திரும்பி வராது. ஒரு கணம் அங்கேயே நின்று யோசித்துவிட்டு, 'ப்ச்' என்று சலித்துக்கொண்டுதான் வரும். எனக்குப் பத்து வயது நடந்த அந்த வருஷம், மாசியில் தொடங்கி வெயில் காலம் முழுக்க, பல் தேய்த்ததும் நான் செய்த முதல் வேலை வாசலில் நின்ற அம்பாசடரின் பின்சக்கரத்துக்கு மேலே, பார்க்கிறவர் கண்ணுக்குத் தட்டுப்படாத ஒரு மூலையில், ஆட்காட்டி விரலை வைத்து எடுப்பதுதான். உள்ளே சவரம் செய்துகொண்டிருக்கும் அப்பா, கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பாமலே, "இன்னா, காஞ்சிச்சா?" என்பார். "ஒட்டுதுப்பா" என்பேன். வீட்டில் அன்றைய பேச்சு பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும்.

நைனார்பாளையத்தில் ஒரு ரைஸ்மில்லில் அப்பாவுக்குக் கணக்கு எழுதும் வேலை. அம்மா கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் நர்ஸ், அங்கேயே கோட்டர்ஸ். மாதத்துக்கு ஒருமுறை வருவாள், மழை பெய்து மலைப்பாதை அடைத்துக்கொண்டால் அதுவும் இல்லை, யாருக்காவது இடுப்புவலி எடுத்துவிட்டால் நிச்சயமாக இல்லை. அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. சண்டை போடுகிற அளவுக்கு அவர்கள் ஒரே ஊரில் சேர்ந்து இருந்ததில்லை. பிற்காலத்தில் கல்லூரியில் தமிழ் இலக்கணம் படித்தபோது, மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி, அதற்குரியது கூடல் என்றும், வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம், அதற்குரியது ஊடல் என்றும் பாடம் நடத்தினார்கள். எங்கள் வீட்டில் அம்மா குறிஞ்சியிலும் அப்பா மருதத்திலும் தனித்தனியாக இருந்ததால் இந்த இலக்கணம் வேலை செய்யவில்லை. நடுவில் எனக்கு வாய்த்தது முல்லை. அதற்குரியது 'இருத்தல்', அதாவது பொறுத்துக்கொண்டு காத்திருப்பது. அதில் மட்டும் நல்ல மதிப்பெண் வாங்கினேன்.

வீட்டில் மூன்று எவர்சில்வர் தட்டுகள் இருந்தன. இரண்டு தேய்ந்து மங்கிப்போயிருக்க, அம்மாவின் தட்டு மட்டும் கடையில் வாங்கியது போலவே மின்னிக்கொண்டிருக்கும். பள்ளி விட்டு வந்தால் பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. அலமாரியில் இருந்த பஞ்சாங்கத்தை நான் கதைப்புத்தகம் போலப் படித்திருக்கிறேன் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

அந்தக் கார் ரைஸ்மில்காரருடையது. அவர் புதுக் கார் வாங்கியபின் உமிக் கொட்டகையில் ஓரங்கட்டப்பட்டு, துரு ஏறிக் கிடந்தது; பின்சீட்டில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. இரும்பு விலைக்குப் போட இருந்ததை அப்பா கேட்டு வாங்கிக்கொண்டார். தள்ளிவிட்டால் ஓடும். வந்து சேர்ந்த பிறகுதான் சீட்டுக்கடியில் ஒரு கோழி கூடவே வந்திருப்பது தெரிந்தது. மறுநாளே மில்லிலிருந்து ஆள் வந்து கோழியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். எது பெறுமானமுள்ளது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பொங்கலுக்கு அம்மா வந்தபோது அப்பா அவளை வாசலுக்கு அழைத்துப்போய் நிறுத்தி, வாழ்க்கையிலேயே நீளமான ஒரு பேச்சைப் பேசினார். "இனிமே நீ பஸ்ஸுக்கு நின்னுக்கினு இருக்க வேணாம். சனிக்கெழம ஆனா நானே மலைக்கு வந்து வூட்டுக்கு இட்டாந்துடறேன். வாராவாரம்."

அம்மா கதவைத் திறந்து பின்சீட்டைப் பார்த்தாள். இரண்டு இறகுகள் பறந்து வெளியே வந்தன.

"இந்தக் கோழிக்கூண்டுலயா என்ன ஏத்திக்கினு போவப்போறீங்க? மொதல்ல ஒரு பெயிண்ட அடிங்க. அப்பறம் பாக்கலாம்."

எங்கள் பக்கத்தில் யாரும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லமாட்டார்கள். பெண் கேட்டுப் போனாலும் கடன் கேட்டுப் போனாலும் 'பாக்கலாம்' என்றுதான் பதில் வரும். கேட்டவரும் மரியாதையாக எழுந்து செருப்பை மாட்டிக்கொள்வார். ஊரிலேயே அந்தச் சொல்லை வாக்குறுதியாக எடுத்துக்கொண்ட ஒரே மனிதர் என் அப்பாதான். ஒருவர் என்று சொன்னால் கணக்கு இடிக்கும். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

கள்ளக்குறிச்சியில் ஒரு பட்டறையில் விசாரித்துவிட்டு வந்த அப்பா அன்று இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார். அந்தக் கூலியில் இன்னொரு துருப்பிடித்த கார் வாங்கலாம் போலிருந்தது. அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது, மாட்டுப்பொங்கல் முடிந்து கடையில் விற்காமல் கிடந்த 'கொம்பு பெயிண்ட்'. மாட்டின் கொம்புக்கு அடிக்கும் சின்னச் சின்ன டப்பா எனாமல். எங்கள் பக்கத்தில் கொம்பின் நிறத்தைப் பார்த்தே மாட்டுக்காரர் எந்தக் கட்சி என்று சொல்லிவிடலாம். அதனால் கட்சி உள்ள நிறங்களெல்லாம் விற்றுப்போய், எந்தக் கட்சிக்கும் வேண்டாத கத்தரிப்பூ நிறம் மட்டும் மிஞ்சியிருந்தது. பாதி விலைக்குக் கடைக்காரர் ஒரு கோணிப்பை நிறையக் கொடுத்தார், பையை இலவசமாக.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் துருவைத் தேய்த்தோம். பள்ளத்துக்குப் 'பட்டி' வைத்தோம். பெயிண்டை இளக்கத் தின்னர் வாங்கக் காசு ஒதுக்கியிருந்தார் அப்பா. ரேஷன் மண்ணெண்ணெய் வீட்டில் சும்மாதானே இருக்கிறது என்று கடைசி நேரத்தில் தோன்றியதுதான் வினை. மண்ணெண்ணெய் விட்ட பெயிண்ட் அழகாக இழைந்தது, பளபளத்தது, காயவேயில்லை. பங்குனியில் எதிர்வீட்டு இலவமரத்தில் காய் வெடித்தது. ஊரில் பறந்த பஞ்செல்லாம் வழி கேட்டுக்கொண்டு வந்து எங்கள் காரில் உட்கார்ந்தது.

எதிர்வீட்டு மாணிக்கம் மாமா கரும்பு வண்டி ஓட்டுபவர், ஒரு ஜோடி மாடு வைத்திருந்தார். காலையில் சாணி அள்ளிக்கொண்டே விசாரிப்பார்.

"இன்னா கணக்குப்புள்ள, நாளுக்கு நாளு காருக்கு நரைச்சிக்கினே போவுதே, இன்னா கவல அதுக்கு?"

"காஞ்சா ஊதிட்டா போயிடும்."

"பெயிண்டு மாட்டு பெயிண்டுதான். அட்த்த பொங்கலுக்கு ரெண்டு கொம்பும் வெச்சிட்டீங்கன்னா நம்ம வூட்டு மாட்டோட சேத்து ஓட்டிக்கினு போயிடலாம்."

அப்பா பஞ்சைச் சுரண்டிவிட்டு மறுபடி அடித்தார். நான் காலையில் விரல் வைப்பதை நிறுத்தவில்லை. பள்ளிக்கு விரல் நுனியில் கத்தரிப்பூ நிறத்தோடு போவேன். காய்ந்துவிட்டால் மலைக்குப் போவோம், அம்மா வருவாள், சனிக்கிழமை சனிக்கிழமை மூன்று தட்டும் தேயும் என்பது என் கணக்கு.

சித்திரை வெயில் மண்ணெண்ணெயையும் ஜெயித்தது. ஒரு காலையில் விரலை வைத்தேன். சுத்தமாகத் திரும்பி வந்தது. "அப்பா, ஒட்டல!" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினேன். பாதி முகத்தில் சோப்போடு அப்பா வெளியே வந்து தானும் தொட்டுப் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்த எனக்கு, வேலையிலிருந்து நிறுத்திவிட்டோம் என்று யாரோ சொன்னது போல அவர் நின்றது புரியவில்லை.

"கதவுல திட்டுதிட்டா தெரியுது பாரு. இன்னோரு கோட்டு இட்டுட்டா ஆச்சி. அட்த்த வாரம் போலாம்."

அடுத்த வாரம் டிக்கியில் திட்டு தெரிந்தது. அதற்கடுத்து பானெட்டில். காயக்காய அடித்துக்கொண்டே இருந்தார். அப்பாவுக்கு எதிலும் சுத்தம் முக்கியம் என்று அப்போது பெருமைப்பட்டேன். கார் ஈரமாக இருக்கும்வரை, 'வரமாட்டேன்' என்று சொல்லவேண்டிய தேவை அம்மாவுக்கு வராது என்பது, வாழ்க்கையில் நானும் சில காரியங்களுக்கு இரண்டாவது கோட்டு, மூன்றாவது கோட்டு அடிக்கத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது.

வைகாசியில் ஒரு மத்தியானம், யாரும் எதிர்பாராமல், வாசலில் மாணிக்கம் மாமாவின் குரல் கேட்டது. "கணக்குப்புள்ள! யாரு வந்துகிறாங்க பாருங்க!" அவருடைய மாட்டுவண்டியிலிருந்து அம்மா இறங்கினாள்.

சாப்பிட்டாள். மூன்றாவது தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு வாசலுக்கு வந்து காரைச் சுற்றி மெதுவாக நடந்தாள்.

"கத்தரிப்பூ கலரா? எங்க புட்ச்சீங்க இந்தக் கலர?"

அப்பா மூலையில் கிடந்த கோணிப்பையைக் காட்டினார்.

"நல்லாத்தாங்க இருக்குது" என்றாள். இன்னொரு சுற்று நடந்துவிட்டு, "நாலு மணி பஸ்ஸுக்கு எதுக்குப் போவணும்? வாங்க, மலைக்கு இதுலயே போயிடலாம். கோட்டர்ஸ நீங்க பாத்ததே இல்லியே. பாப்பாவும் வரட்டும். நாளைக்கி எல்லாரும் சேந்து எறங்கி வரலாம்" என்றாள்.

நான் அதற்குள் செருப்பைத் தேட ஓடிவிட்டேன். திரும்பி வந்தபோது அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் சாயங்காலம்தான் நான்கு கதவுக்கும் புதுக் கோட்டு அடித்திருந்தார்.

"இன்னும் காயல" என்றார்.

அம்மா நம்பாதவள் போலப் பின்கதவில் உள்ளங்கையை வைத்தாள். 'ப்ச்' என்று அது திரும்பி வந்தது, முழுக்கக் கத்தரிப்பூ நிறத்தில்.

"அட, ஒரு பேப்பர ஒட்டிக்கினு போங்களேன், பெயிண்டு எங்க போயிடப்போவுது!" என்று எதிர்வீட்டிலிருந்து மாணிக்கம் மாமா குரல் கொடுத்தார். "கெட்டுடும்" என்றார் அப்பா. ஊரில் கெட்டுப்போக வேறு எதுவுமே இல்லாதது போல.

அம்மா கையை மண்ணெண்ணெயில் துடைத்துக்கொண்டு நாலு மணி பஸ்ஸில் போனாள். நாங்கள் இருவரும் காரில் ஏறி, எதன்மீதும் படாமல், திருமணத்துக்கு வந்து இடம் கிடைக்காதவர்கள் போல ஒடுங்கி உட்கார்ந்திருந்தோம். இருட்டும்வரை அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்த உள்ளங்கை அப்படியே காய்ந்தது. பின்சக்கரத்துக்கு மேலே என் விரல் புள்ளிகள், பின்கதவில் அம்மாவின் கை. அதற்குமேல் அப்பா காருக்குப் பெயிண்ட் அடிக்கவில்லை. கார் மில்லுக்குப் போனது, சின்னசேலம் போனது, என்னைக் கல்லூரி விடுதியில் கொண்டுபோய் விட்டது. மலைக்கு மட்டும் போகவில்லை. அம்மாவும் மறுபடி கூப்பிடவில்லை. வழக்கம்போல மாதத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் வந்து போனாள்.

அப்பா போனபின் காரை வாங்கியவர் அதற்கு வெள்ளையடித்து வாடகைக்கு விட்டார் என்று கேள்வி. இலவமரம் சாலை அகலப்படுத்தியதில் போயிற்று. மாணிக்கம் மாமாவின் வாசலில் இப்போது மாடில்லை, டிராக்டர் நிற்கிறது. அதற்கு யாரும் கொம்பு வைக்கவில்லை. கள்ளக்குறிச்சி மாவட்டத் தலைநகராகிவிட்டது, நான் அதில் ஒரு வாடகை வீட்டில் என் புத்தகங்களோடு குடியிருக்கிறேன். ஓய்வு பெற்ற அம்மா வெள்ளிமலையிலேயே ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு தங்கிவிட்டாள். வா வா என்று கூப்பிடுகிறாள். பொங்கலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன், வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கக் கொடுத்திருக்கிறேன், வந்ததும் வருகிறேன் என்று.

போன வாரம் பட்டறையில் வண்டி தயாராக நின்றது. பழக்க தோஷத்தில் பின்சக்கரத்துக்கு மேலே விரல் வைத்துப் பார்த்தேன். சுத்தமாகத் திரும்பி வந்தது. அந்த நேரம் பார்த்து அம்மா போனில் வந்தாள்.

"இன்னாடி, பெயிண்டு ஆச்சா?"

"இன்னும் காயலம்மா" என்றேன். என் வாய்தான் சொன்னது. குரல் யாருடையது என்று எனக்கே தெரிந்தது.



"உங்கப்பாவும் இதையேதான் சொன்னாரு" என்றாள் அம்மா. "அது காயறப்ப காயட்டும். நீ பஸ்ஸுல வா."