பின் சக்கரத்து எலுமிச்சை

குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டு வாசலில் டர்போ காரைப் பிரித்துப்போட்டு, மாதக்கணக்கில் நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். முன் சக்கரம்தான் இந்தக் காரை இழுக்கிறது, அது வழுக்கினால் பந்தயம் போச்சு என்பேன். மனைவி சாந்தி துணி மடித்துக்கொண்டே “ம்ம்” என்பாள்.

சுங்காயில், ரப்பர் மரங்களை அழித்துப் போட்ட பந்தயத் தடத்தில், பனி கலையாத காலையில் முதல் ஓட்டம். பழக்கதோஷத்தில் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு ஏறினேன். பச்சை விளக்கு எரிந்தது. முன் சக்கரங்கள் சாற்றில் வழுக்கி நின்ற இடத்திலேயே சுழன்றன. எலுமிச்சை மணக்கும் புகைக்குள் கார் மிதப்பது போலிருந்தது. பக்கத்துக் கார் எப்போதோ போய்விட்டது.

மிச்சமிருந்தது ஒரே ஓட்டம். சாந்தி இரண்டு பழங்களோடு வந்து பின் சக்கரங்களுக்கு மட்டும் வைத்தாள்.

“ஏங்க, முன்னாடி டயர்தானே இழுக்குது? பின்னாடி வச்சா சாமி கோச்சுக்காது லா.”

அந்த ஓட்டத்தில் ஜெயித்தேன். ஆனால் இன்றும் காதில் கேட்பது அவளுடைய அந்த “ம்ம்”தான்.